மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்தால் லாபம் யாருக்கு?

ஏப்ரல், மே மாதங்களில் சென்னையில் டாப் ஃப்ளோரில் குடியிருப்பவர்களுக்கு இரவு பத்து மணிதான் கஷ்டமான நேரம். வெயில் போய் வெகு நேரமாகியும், ஃபேன் போட்டால் அனல்தான் இறங்கும். காரணம் எளிது. பகல் முழுக்க வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம், சேர்த்து வைத்த சூட்டை இரவில்தான் அறைக்குள் விடுகிறது.

இதற்கு இரண்டு வழி உண்டு. சூடு தளத்தில் ஏறாமல் திருப்பி அனுப்பலாம்: சுண்ணாம்பு, கூல் ரூஃப் பெயின்ட், வெள்ளை டைல்ஸ். அல்லது, ஏறிய சூடு அறைக்குள் இறங்காமல் தடுக்கலாம்: தளத்தின் மேல் ஃபோம் ஷீட், கீழே ஃபால்ஸ் சீலிங். அந்தக் காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, மேலே தட்டோடு பதித்தார்கள். மழைக்காகப் போட்டது வெயிலையும் ஓரளவு தாங்கியது. இன்று பட்ஜெட் இடிக்கும்போது முதலில் கைவைப்பதே அதில்தான்.

காசு திரும்புமா?

600 சதுர அடி மாடி என்று வைத்துக்கொள்வோம். கூல் ரூஃப் பெயின்ட்டுக்குச் சதுர அடி 30 ரூபாய் என்று கொட்டேஷன் வந்தால் செலவு 18,000. 1.5 டன் ஏசி ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் ஒரு யூனிட். தினமும் இரண்டு மணி நேர ஓட்டம் மிச்சமானால், இரண்டு மாத பில்லில் 120 யூனிட் குறையும். யூனிட் 8 ரூபாய் என்றால் 960 ரூபாய். நான்கு மாதக் கோடைக்கு 1,920.

அதாவது போட்ட காசு திரும்ப ஒன்பது வருஷம். அதற்குள் தூசியும் பாசியும் படிந்து வெள்ளை போய்விடும். இரண்டு ஏசி ஓடும் வீட்டில் இது பாதியாகும், அவ்வளவுதான். சுண்ணாம்பு, கூலி எல்லாம் சேர்த்து 2,000 ரூபாயில் முடித்தால் ஒரே கோடையில் கிட்டத்தட்ட சரியாகிவிடும். ஆனால் மழையில் கரையும். அடுத்த வருஷம் மறுபடி அடிக்க வேண்டும்.

ஆக, "பில் பாதியாகும்" என்று சொல்லும் விளம்பரத்தை நம்பிப் பெயின்ட் வாங்க வேண்டாம். அதே சமயம், பில்லை மட்டும் வைத்து இதை அளப்பதும் தப்பு. ஏசியே இல்லாத வீட்டில் ஒரு யூனிட்டும் மிச்சமாகாது. ஆனால் பலன் அதிகம் அங்கேதான். கைக்குழந்தையும் வயதானவர்களும் ராத்திரி தூங்குவதற்கு எந்த பில்லிலும் வரவு கிடையாது.

யார் கொடுப்பது?

உண்மையான சிக்கல் இங்கேதான். வாடகை வீட்டில் மாடி ஓனருடையது, கரண்ட் பில் குடியிருப்பவருடையது. 11 மாத அக்ரிமென்ட்டில் இருப்பவர் அடுத்தவர் மாடிக்கு ஏன் செலவு செய்ய வேண்டும்? அப்பார்ட்மென்ட்டிலோ, மொட்டை மாடி பொது. சூடு மட்டும் டாப் ஃப்ளோருக்கு. அசோசியேஷன் கூட்டத்தில் பேச்செடுத்தால், "உங்க வீட்டுக்கு நாங்க ஏன் பணம் போடணும்?" என்று முதல் மாடியிலிருந்து குரல் வரும்.

அந்த வாதம் நிற்காது. தினமும் சூடேறி விரிந்து, இரவில் சுருங்கும் தளத்தில்தான் விரிசல் விழுகிறது. விரிசல் வழியாக இறங்கும் தண்ணீர் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. அது கட்டடம் முழுவதற்குமான செலவு. லிஃப்ட்டே ஏறாத தரைத்தள வீடும் பல இடங்களில் லிஃப்ட் மெயின்டெனன்ஸ் கொடுக்கத்தானே செய்கிறது? வாடகை வீட்டிலும் இதே கணக்கு ஓனருக்குப் பொருந்தும். ஒழுகும் தளத்தை ரிப்பேர் செய்யப்போவது அவர்தான்.

தெலங்கானா 2023-லேயே கூல் ரூஃப் கொள்கை கொண்டுவந்து, அரசுக் கட்டடங்களுக்கும் பெரிய வீடுகளுக்கும் இதைக் கட்டாயமாக்கியது. மற்ற இடங்களில் அசோசியேஷன் கூட்டமும் வாடகைப் பேச்சும்தான் வழி. புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. கொடுத்த பிறகு கேட்டால் மதிப்பு குறைவு.

வேலைக்கு ஏற்ற மாதங்கள் பிப்ரவரி, மார்ச். ஏற்கெனவே ஒழுகும் தளம் என்றால் முதலில் விரிசலை அடைத்துவிட வேண்டும். ஈரத்தின் மேல் அடித்த பெயின்ட் சீக்கிரமே உரிந்து வந்துவிடும்.