வெள்ளம் வந்தால் மீனுக்கு மூச்சு முட்டும்!

ஆறு கடலில் விழுந்ததும் கலந்து விடும் என்று நினைக்கிறோம். அப்படி அல்ல. ஆற்று நீர் இலேசானது. உப்பு நீர் கனமானது. ஆகவே ஆற்று நீர் கடலின் மேல் போர்வை போல் பரந்து கிடக்கும்.

அமெரிக்காவில் மிசிசிப்பி ஆறு, வயல்களின் உரத்தையும் அடித்துக்கொண்டு மெக்சிகோ வளைகுடாவில் விழுகிறது. உரத்தால் கடலில் பாசி பெருகுகிறது. அது செத்து அடியில் அழுகும்போது பிராண வாயு தீர்ந்து போகிறது. மேலே கிடக்கும் போர்வையோ புதுக் காற்றை அடிக்கு விடுவதில்லை. மீன்கள் ஓடுகின்றன, ஓட முடியாதவை சாகின்றன.

1988-ம் ஆண்டில் அங்கே கடும் வறட்சி. மூச்சற்ற பகுதி சுமார் 40 சதுர கிலோ மீட்டர்தான். 1993-ம் ஆண்டில் பெருவெள்ளம். அப்போது 17,000 சதுர கிலோ மீட்டருக்கும் மேல்!

பூமி சூடாகச் சூடாக, கொட்டும் மழையும் கடுமையாகிறது. மழையை நாம் தடுக்க முடியாது. உரத்தை அளவோடு போடலாம். அது உழவர் கையில் இருக்கிறது. அதில் மீனவர் பிழைப்பும் இருக்கிறது.