காக்கிச் சட்டை எட்டாக் கனியா?



ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் நான்கு பேர் கூடி நின்றால் போதும். பேச்சு எங்கே தொடங்கினாலும் காவல் நிலையத்தில் போய்த்தான் முடியும். "ஸ்டேஷன்ல நம்ம ஆளு ஒருத்தன்கூட இல்லை. நம்ம புகாரை எவன் காது கொடுத்துக் கேட்கிறான்?"

இந்தக் குமுறலில் உண்மை இருக்கிறது. 1997 நவம்பரிலும் டிசம்பரிலும் கோவை வீதிகளைக் கண்ணால் கண்டவர்கள் இதை வெறும் புலம்பல் என்று ஒதுக்க மாட்டார்கள். 2006ல் சச்சார் குழு என்ன சொன்னது? நாட்டின் மக்கள் தொகையில் 13.4 சதவீதம் இருக்கும் முஸ்லிம்கள் ஐ.பி.எஸ். அதிகாரிகளில் வெறும் 4 சதவீதம்! இதை எத்தனை மேடைகளில் முழங்கியிருக்கிறோம்! கைதட்டல் வாங்கியிருக்கிறோம்!

சரி, ஒரு கேள்வி கேட்கிறேன். கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். கடைசியாக இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு அறிவிப்பு வந்தபோது உங்கள் மஹல்லாவிலிருந்து எத்தனை வாலிபர்கள் விண்ணப்பித்தார்கள்?

கடலோர ஊர் ஒன்றின் ஜமாஅத் கூட்டத்தில் இதையே கேட்டேன். அந்த ஆண்டு துபாய்க்கும் சவூதிக்கும் சபர் போனவர்களின் பெயர்களை ஒரு பெரியவர் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். காவலர் தேர்வுக்குப் போனவர் என்று ஒரு பெயரும் வரவில்லை. பின் வரிசையிலிருந்து ஒரு தம்பி மட்டும் எழுந்தான். "காக்கா, அதுக்கு டிகிரி படிச்சிருக்கணும்ல?" என்றான். அவன் பிளஸ் டூ தேறியவன். பத்தாம் வகுப்பு தேறியிருந்தாலே விண்ணப்பிக்கலாம் என்பது இருபத்தைந்து வயது வரை அவனுக்குத் தெரியாது. குற்றம் யாருடையது? அவனுடையதா, அவனிடம் சொல்லாத நம்முடையதா?

சட்டம் என்ன கேட்கிறது?

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் 1991 முதல் ஆள் எடுத்து வருகிறது. இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பு வீரர் மூன்றுக்கும் பொதுவாகத் தேர்வு நடத்துகிறது. வயது 18 முதல் 26. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 28 வரை சலுகை உண்டு. ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ. மார்பளவு 81, மூச்சை இழுத்தால் இன்னும் 5 விரிய வேண்டும். பெண்களுக்கு உயரம் 159. உதவி ஆய்வாளராக வேண்டுமானால்தான் பட்டம் கேட்கிறார்கள்.

அல்லாஹ் கொடுத்த உயரத்தை யாரும் கூட்ட முடியாது. அதை விடுங்கள். மற்றதெல்லாம் மனிதன் முயன்றால் முடிகிற காரியங்கள் அல்லவா?

1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓட வேண்டும். ஐந்து மீட்டர் கயிறு ஏற வேண்டும். நீளமோ உயரமோ தாண்ட வேண்டும். ஏழு நிமிடம் என்பது பந்தயக் குதிரையின் ஓட்டமல்ல. சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு நான்கு மாதம் விடாமல் ஓடினால் நல்ல உடம்புள்ள எந்தப் பையனுக்கும் கைகூடும். நமது பையன்கள் சுபுஹுக்குப் பிறகு என்ன செய்கிறார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. கையில் செல்போனுடன் விடிய விடிய விழித்திருந்தவனை எழுப்பிப் பாருங்கள், தெரியும்.

என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கும் மதிப்பெண் உண்டு; மூன்றும் சேர்ந்து ஆறு. ஒரு மதிப்பெண்ணில் வாய்ப்பைப் பறிகொடுத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்க, இந்த ஆறின் மதிப்பு என்ன? ஆனால், "ஞாயிற்றுக்கிழமை பரேடுக்கெல்லாம் போக வேண்டாம், கடையில் வந்து உட்கார்" என்று தடுக்கிற தகப்பனார்கள் நம்மிலே எத்தனை பேர்!

தமிழே தடையாவதா?

2021 டிசம்பரில் அரசு ஆணை வந்த பிறகு தமிழ் மொழித் தகுதித் தேர்வு கட்டாயம். 80 மதிப்பெண்ணுக்கு 32 எடுக்காவிட்டால் உங்கள் முதன்மைத் தேர்வு விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். ராவுத்தர், மரைக்காயர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் தாய்மொழி. அவர்களுக்கு இது பொருட்டல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் உருது வழியில் படித்த பிள்ளைகளின் நிலை வேறு. உருது நமது பண்பாட்டுச் செல்வம், மறுக்கவில்லை. அதற்காகத் தமிழில் ஒரு கடிதம் எழுதத் தடுமாறுகிற பிள்ளையைப் பத்தாம் வகுப்பு வரை கொண்டுவந்து நிறுத்துவது அவனுக்குச் செய்யும் உபகாரமா? மக்தபு நடக்கிற அதே இடத்தில் மாலையில் ஒரு மணி நேரம் தமிழ் இலக்கணம் நடத்த எந்த முத்தவல்லி தடை சொல்வார்?

"தாடியை எடுக்கச் சொல்வார்கள்" என்று சிலர் சொல்கிறார்கள். பணியில் தாடி வைத்திருந்ததற்கும் வேறு சிலவற்றுக்குமாகத் தண்டிக்கப்பட்ட ஒரு முஸ்லிம் காவலரின் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024ல் தீர்ப்பளித்தது. 1957ஆம் ஆண்டின் மெட்ராஸ் போலீஸ் கெஸட்டை எடுத்துக்காட்டி, முஸ்லிம் காவலர்கள் ஒழுங்காகக் கத்தரித்த தாடி வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லித் தண்டனையை ரத்து செய்தது. இனி இந்தச் சாக்கு எடுபடாது. இதைச் சொல்கிற வாலிபர்களில் பலருக்குத் தாடியே இல்லை என்பது வேறு விஷயம்.

மண்டபத்தில் முடிவதில்லை வழக்கு

இனி சொல்வது நமது அமைப்புகளுக்கே கசக்கும். நமக்கும் சேர்த்துத்தான்.

எழுத்துத் தேர்விலும் உடல் தேர்விலும் தேறிய பிறகு காவல்துறை நன்னடத்தை விசாரணை நடத்தும். பையன் மீது முதல் தகவல் அறிக்கை ஏதாவது உண்டா என்று ஊர்க் காவல் நிலையத்தில் கேட்பார்கள். வழக்கு நிலுவையில் இருந்தால் வேலை கிடையாது. விடுதலை ஆகியிருந்தாலும், சந்தேகத்தின் பலனைக் கொடுத்தோ சாட்சிகள் பிறழ்ந்ததாலோ வந்த விடுதலை என்றால் அதுவும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டதாகவே கணக்கு. விதி அப்படி. சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008லேயே அந்த விதியை ஏற்றுக்கொண்டுவிட்டது. வழக்கு இருப்பதை மறைத்தாலோ, மறைத்ததற்காகவும் தள்ளுவார்கள்.

அனுமதி மறுக்கப்பட்ட ஆர்ப்பாட்டங்களில் நடப்பது என்ன? கைது செய்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் அடைக்கிறார்கள். சாப்பாடு போட்டு மாலையில் விட்டுவிடுகிறார்கள். நாமும் தக்பீர் முழங்கி வீடு திரும்புகிறோம், எல்லாம் முடிந்தது என்று. ஆனால் பெயர், தகப்பனார் பெயர், முகவரி எல்லாம் அன்றே காகிதத்தில் ஏறிவிடுகின்றன. ஐந்தாண்டு கழித்து அந்தக் காகிதம் எழுந்து வந்து பையனின் வாயில் மண்ணைப் போடுகிறது.

குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து 2019 டிசம்பரில் தொடங்கிய போராட்டங்களில் போடப்பட்ட வழக்குகளில், வன்முறை தொடர்பானவை தவிர மற்றவற்றைத் திரும்பப் பெறுவதாக 2021 பிப்ரவரியில் அரசு அறிவித்தது. மகிழ்ந்தோம். அறிவிப்பு பத்திரிகையில் வந்தால் மட்டும் போதுமா? உங்கள் ஊர்ப் பையனின் வழக்கு முடிக்கப்பட்டதற்கான உத்தரவு நகல் அவன் கையில் இருக்கிறதா? இன்றே விசாரியுங்கள். நகல் இல்லாதவர்களுக்கு வாங்கிக் கொடுக்க ஊருக்கு ஒரு வழக்கறிஞராவது முன்வரட்டும்.

போராட வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவன் இந்தச் சமுதாயத்தின் நண்பனல்ல. காவலர் தேர்வுக்குத் தயாராகும் இருபது வயதுப் பிள்ளையை முன் வரிசையில் நிறுத்தாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். அந்த வரிசையில் நாம் நிற்போம். நமக்கு இனி யார் வேலை தரப்போகிறார்கள்?

ஏழு மாதப் பயிற்சி

தேர்வானவர்களுக்குக் காவலர் பயிற்சிப் பள்ளியில் ஏழு மாதம் அடிப்படைப் பயிற்சி. அதன் பிறகு காவல் நிலையத்தில் செயல்முறைப் பயிற்சி. கவாத்து உண்டு, துப்பாக்கி உண்டு, சட்ட வகுப்பும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டமும் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் போய், புதிய சட்டங்கள் வந்துவிட்டன. புகாரை எப்படிப் பதிவது, கைதுக்கு முன் என்ன செய்ய வேண்டும் என்பதை அரசுச் செலவில் கற்றுக்கொள்கிறான் பையன்.

அந்தப் பயிற்சியில் இன்னொன்றும் இருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் படுப்பவன் தருமபுரியின் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து வந்திருப்பான். முஸ்லிம்களைப் பற்றி அவன் சினிமாவில் பார்த்ததும் யாரோ சொல்லிக் கேட்டதும் தவிர வேறெதுவும் அறிந்திருக்க மாட்டான். ஏழு மாதம் நமது பையனோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன், நாளை நமது தெருவுக்குப் பந்தோபஸ்துக்கு வரும்போது எந்தக் கண்ணோடு வருவான்? நூறு மேடைகளில் பேசி மாற்ற முடியாத மனதை ஒரே கொட்டகையில் தங்கியது மாற்றும். நமது பையனுக்கும் இது பொருந்தும். அவனும் மற்றவர்களைப் பற்றித் தெருவில் கேட்டதை மட்டுமே நம்பிக்கொண்டு போகிறான்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. சிறுபான்மையினர் நலனுக்கான பிரதமரின் 15 அம்சத் திட்டத்தை 2006ல் அறிவித்தார்கள். காவலர் தேர்வில் சிறுபான்மையினருக்குத் தனிக் கவனம் தருமாறு மாநிலங்களுக்கு ஆலோசனை வழங்கப்படும் என்று அதில் இருக்கிறது. எத்தனை முஸ்லிம்கள் காவல்துறையில் இருக்கிறார்கள் என்ற கணக்கைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2013 வரை வெளியிட்டது. பிறகு நிறுத்திவிட்டது. ஏன்? எண்ணிக்கையை வெளியிட அஞ்சுகிறவர்கள் கவனம் செலுத்துகிறார்கள் என்று எப்படி நம்புவது? தமிழக அரசாவது ஆண்டுதோறும் இந்தக் கணக்கைச் சட்டமன்றத்தில் வைக்கட்டும்.

2007ல் போராடிப் பெற்ற 3.5 சதவீத இடஒதுக்கீடு இந்தத் தேர்வுக்கும் உண்டு. ஆயிரம் இடம் என்றால் நமக்கு 35. பொதுப் போட்டியில் உள்ள 31 சதவீதத்திலும் போட்டியிட நமக்கு உரிமை இருக்கிறது. ஆனால் சாதிச் சான்றிதழில் பி.சி.எம். என்று இருக்க வேண்டும். அன்சார், தக்காணி, துதேகுலா, லெப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத் என்ற ஏழு பிரிவுகள்தான் பட்டியலில் உள்ளன. ராவுத்தரும் மரைக்காயரும் லெப்பைக்குள் வருகிறார்கள். உங்கள் பிள்ளையின் பள்ளிச் சான்றிதழில் வெறுமனே "முஸ்லிம்" என்று எழுதியிருந்தால், அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் இந்த மாதமே வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய் வாருங்கள். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கிய பிறகு ஓடினால் அங்கே வரிசைதான் கிடைக்கும்.