கல்லாவில் கணினி, கிடங்கில் கைபேசி

கடையை ஒட்டிய கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே கைபேசிக்கு சிக்னல் எட்டுவதில்லை. லாரி காத்து நிற்க, இ-வே பில்லைப் பார்க்க நாம் வாசலுக்கு ஓடுகிறோம். 2018-இல் அந்தப் பில் வந்தது முதல் இதே ஓட்டந்தான். இதற்கென்று இன்னொரு இணைப்பு வாங்குவது வீண் செலவு என்பதே நம் கருத்து. கல்லாவில் உள்ள கணினியில் பிராட்பேண்ட் இருக்கிறதே! விண்டோஸ் 10, 11-இல் ‘மொபைல் ஹாட்ஸ்பாட்’ பகுதியில் புளூடூத்தைத் தேர்ந்தெடுத்து ஆண்ட்ராய்டு கைபேசியை ஜோடி சேர்த்தால் போதும். ஏறக்குறைய 10 மீட்டர் எட்டும். சுவர் குறுக்கிட்டால் அதுவும் குறையும். வேகம் நொடிக்கு 2 மெகாபிட் அளவுதான். பில் பார்க்கவும், யுபிஐ பணம் வந்ததா என்றறியவும் அது தாராளம். சினிமா பார்க்கக் காணாது (கடைப் பையன்கள் மன்னிக்க!). ஆனால் அது நம் ஜிஎஸ்டி கணக்குள்ள கணினி. பழகிய வாடிக்கையாளரே கேட்டாலும் வெளியார் கைபேசியை அதனுடன் சேர்க்க விடலாகாது.