ழகரமும் மிக்-21-உம்



பேரன் கணினியில் டிசிஎஸ் சிமுலேட்டரில் மிக்-21 ஓட்டுகிறான். பறப்பது இருக்கட்டும், ஓடுபாதைக்குப் போவதற்குள் நாலு தடவை புல்லில் இறங்கிவிட்டான். "கேம்ல கோளாறு தாத்தா. எஃப்-16-ல பட்டனை அழுத்திட்டு பெடலை மிதிச்சா மூக்குச் சக்கரமே திரும்புது" என்று சலித்துக்கொண்டான்.

கோளாறே இல்லை. நிஜ மிக்-21-இலும் விமானியால் மூக்குச் சக்கரத்தைத் திருப்ப முடியாது. திரும்பவேண்டிய பக்கத்துப் பெடலை மிதித்து, கைப்பிடியிலுள்ள பிரேக்கைப் பிடிக்கவேண்டும். அந்தப் பக்கச் சக்கரத்தில் பிரேக் கூடுதலாகப் பிடிக்கும், விமானம் திரும்பும். 1963 முதல் 2025 வரை நம் விமானப்படையினர் இப்படித்தான் ஓட்டினார்கள்.

"சண்டை வானத்தில்தானே, தரையில் எதற்கு இந்தப் பாடு?" என்று கேட்பவர்கள் உண்டு. புதிதாகப் பழகுபவருக்கு எளிய முறை ஒன்றைத் தனியாக வைக்கட்டும், தவறில்லை. நிஜத்தை மாற்றக்கூடாது. ழகரம் வராத பிள்ளைக்குக் கூடுதல் நேரம் கொடுத்தேனே தவிர, ளகரம் போதும் என்று விட்டேனா? உங்களுக்கே தெரியும்!

நேற்று வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்து, புல்லில் இறங்காமல் ஓடுபாதை சேர்ந்தான். அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?