அரை நேரம், கால் கூலி

'பகுதி நேரம்' என்கிற வார்த்தையைக் கண்டுபிடித்தவன் வெளக்குமாறு பிடித்தவனாக இருக்க முடியாது. பிடித்திருந்தால் தெரிந்திருக்கும். குப்பைக்குப் பகுதி நேரம் கிடையாது. சாக்கடைக்குப் பகுதி நேரம் கிடையாது. 'ஏம்மா, இங்க வா' என்று கூப்பிடும் குரலுக்கும் பகுதி நேரம் கிடையாது. பகுதியாக வருவது ஒன்றே ஒன்றுதான். கூலி.

எங்கள் குந்தாரப்பள்ளி, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற பெரிய ரோட்டில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சந்தைக்குப் பேர்போன ஊர். ஆடு வாங்க வெளி மாநிலத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். சந்தை லாபம் யாருக்கு என்பது இருக்கட்டும். இந்த மாதிரி சந்தை கலைந்த பிறகு கிடக்கிற சாணி, புழுக்கை, அழுகின தக்காளி, பிளாஸ்டிக் கவர் இதையெல்லாம் எந்த ஊரிலும் வாருகிறவர்கள் யார்? ஊர்த் தெருவிலிருந்து ஒருத்தர் கூடையோடு வந்ததை இந்த வயசு வரைக்கும் நான் பார்த்ததில்லை. சேரியிலிருந்துதான் வருகிறார்கள். அதிலும் பெரும்பாலும் பொம்பளைகள்.

அரசாங்கம் இவர்களுக்குப் பேரை மட்டும் அழகாக வைத்திருக்கிறது: தூய்மைக் காவலர். போலீஸ் காவலருக்கும் இவர்களுக்கும் பேரில் பாதி ஒற்றுமை. சம்பளத்தில் எந்த ஒற்றுமையும் இல்லை. மாதம் 3,600 ரூபாயாக இருந்ததை 5,000 ஆக்குவதாக 2023இல் அறிவித்தார்கள். மாதத்துக்கு 26 நாள் என்று வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு 192 ரூபாய் சொச்சம். ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் 'பகுதி நேரத் துப்புரவாளர்' என்று ஒரு பணி உண்டு. மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியம் என்று போட்டு ஆளெடுத்தார்கள். நம் பிள்ளைகள் படிக்கிற விடுதியின் கக்கூசை நம் வீட்டுப் பொம்பளையே கழுவ வேண்டும், அதுவும் பாதி ஆளாக. இதற்குப் பெயர் ஆதிதிராவிடர் நலம்!

'நாலு மணி நேரம்தானே வேலை, மிச்ச நேரத்தில் வேறு வேலைக்குப் போகலாமே' என்று கேட்கிறவர்கள் உண்டு. என் அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் பகுதி நேரமாகக் கூட்டினாள். காலையில் மணி அடிக்கும் முன்னே போகணும். சாயங்காலம் மணி அடித்த பின்னே போகணும். நடுவில் எந்தப் பிள்ளை வாந்தி எடுத்தாலும் ஆள் அனுப்புவார்கள். நாலு மணி நேரத்தை ஒரே துண்டாகக் கொடுத்தால்தானே மிச்ச நேரம் நமக்கு? இரண்டு முனையிலும் ஆணி அடித்துவிட்டால் நடுவில் இருக்கிற பகலும் அவர்களுடையதுதான். களையெடுக்கப் போனால் 'பள்ளிக்கூடத்துக்காரிக்கு எதுக்கு நாத்தங்கால் வேலை' என்பார்கள். ஆக, முழு நாளும் போச்சு, கால்வயிறுதான் நிறைந்தது.

இதெல்லாம் காலகாலமா இப்படித்தான், மாத்த முடியாது என்று சொல்லாதீர்கள் தோழர்களே. மாற்றி இருக்கிறார்கள். கர்ணம், மணியக்காரர் என்று கிராமத்தை ஆண்டவர்களின் பதவிக்குச் சட்டத்தில் என்ன பேர் தெரியுமா? 'பகுதி நேர கிராம அலுவலர்.' பரம்பரையாக அனுபவித்த அந்தப் பதவிகளை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு ஒழித்தது. அந்த இடத்தில் முழுநேர கிராம நிர்வாக அலுவலர் வந்தார். தலையாரி, வெட்டி என்று ஊருக்கு ஏவல் செய்தவர்களை 1995இல் முழுநேர கிராம உதவியாளர் ஆக்கினார்கள். கணக்குப் புத்தகம் பிடித்த கைக்கு முழுநேரம் வந்தது. தண்டோராப் போட்ட கைக்கும் வந்தது. வெளக்குமாறு பிடித்த கைக்கு மட்டும் ஏன் வரவில்லை? கஜானாவில் காசில்லை என்பது பதில் ஆகாது. இந்தக் கை யாருடைய கை என்பதுதான் பதில்.

தொழிற்பேட்டைப் பக்கம் வாங்க. ஓசூர், சூளகிரி, குருபரப்பள்ளி என்று ரோடு நெடுக கம்பெனி. நம் பையன்கள் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு காண்ட்ராக்டில் போகிறார்கள். அங்கே அரை நேரம் வேறு வேஷத்தில் வரும். 2019 செப்டம்பரில் வண்டி விற்பனை படுத்தபோது அசோக் லேலண்ட் தன் ஆலைகளுக்கு வேலையில்லா நாட்களை அறிவித்தது: எண்ணூருக்கு 16 நாள், ஓசூருக்கு 5 நாள். பெரிய ஆலையில் சங்கம் இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது, கேட்க நாதி இருக்கிறது. பெரிய ஆலைக்குத் தும்மல் வந்தால் அதை நம்பியிருக்கிற சின்னப் பட்டறைக்குக் காய்ச்சல். அங்கே காண்ட்ராக்ட் ஆளுக்குக் கிடைப்பது ஒரு வாக்கியம்: 'கூப்பிடறப்போ வாடா.'

வாரம் மூணு நாள் வேலை என்றால் மூணு நாள் கூலி மட்டும் போவதில்லை. ஈ.எஸ்.ஐ.யில் நோய்க்காலப் பணம் வாங்க ஆறு மாதத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஆறு மாதம் என்பது 26 வாரம். வாரம் மூணு நாள் என்றால் சரியாக 78. ஒரே ஒரு நாள் 'இன்னைக்கு லோடு இல்ல, போ' என்று கேட்டில் திருப்பி அனுப்பினால் 77. அப்புறம் காய்ச்சலில் படுத்தால் கஞ்சிக்கு வழி தேடணும். அதுபோல, 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 24 மாதம் என்பது 104 வாரம். வாரம் நாலு நாள் வேலை செய்தவன் கணக்கில் 416 நாள்தான் ஏறும்.

இப்போது நான்கு நாள் வாரம் என்று ஆசை காட்டுகிறார்களே, அதன் சூட்சுமம் இங்கே இருக்கிறது. ஒரு நாளைக்கு 12 மணி, நாலு நாள், மொத்தம் 48 மணி. எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் 2023 பிப்ரவரியில் சட்டத்தைத் திருத்தினார்கள். இந்தப் பக்கம் 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்த பிறகு மூன்றே நாளில் நிறுத்தி வைத்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாகச் சொன்னார்கள். மணி அதே 48. உழைப்பு அதே. ஆனால் வேலைக்கு வந்த நாளை எண்ணினால் ஆறு குறைந்து நாலாகிறது. நாளை வைத்து உரிமையை எண்ணுகிற நாட்டில் நாளைக் குறைப்பது யாருக்கு லாபம்?

இந்த 48 மணி நேரம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1919இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு உலகத்துக்கு வாரம் 48 மணி என்று வைத்தபோது, அடிமை இந்தியாவுக்கு மட்டும் 60 என்று தனி விதி எழுதினார்கள். 1934இல் அது 54 ஆனது. 48 ஆக்கும் திருத்தத்தை 1946இல் கொண்டுவந்தவர் அன்றைய தொழிலாளர் துறை உறுப்பினர் பாபாசாகேப் அம்பேத்கர். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு 2023இல் நாராயண மூர்த்தி வாரம் 70 மணி நேரம் உழைக்கச் சொன்னார். பக்கத்தில் இருக்கிற எங்களுக்கு மூணு நாள் வேலை, இளைஞர்களுக்கு எழுபது மணி உபதேசம். நடுவில் இருக்கிற நியாயமான எட்டு மணி நேரத்தை எந்த முதலாளிக்கும் பிடிப்பதில்லை.

அப்படியானால் குறைந்த நேர வேலையே கூடாதா? நம் தோழியர் சிலரே கேட்கிறார்கள்: 'கைக்குழந்தை இருக்கு, மாமியார் படுக்கையில் இருக்காங்க, எனக்கு அரை நாள் வேலைதான் தோது.' நியாயமான கேள்வி. குறைந்த நேரம் உழைப்பதை நான் எதிர்க்கவில்லை. அது தொழிலாளியின் பழைய கனவு. பிரான்சில் 2000ஆம் ஆண்டு முதல் சட்டப்படி வாரம் 35 மணி நேரம். நெதர்லாந்தில் ஏராளமான பேர் பகுதி நேரம் வேலை செய்கிறார்கள். ஆனால் குறைந்த நேரம் வேலை செய்கிறார் என்பதற்காக ஒருவரைப் பாகுபடுத்தக் கூடாது என்று அங்கே 1996இல் சட்டம் வந்தது. அய்ரோப்பாவில் பாதி நேரம் என்றால் பாதிச் சம்பளம், பாதி விடுப்பு, பாதி ஓய்வூதியம். இங்கே பாதி நேரம் என்றால் கால் சம்பளம், விடுப்பு பூஜ்யம், ஓய்வூதியம் பூஜ்யம். பகுதி நேரத் தொழிலாளருக்கென 1994இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 175ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதில் கையெழுத்து வைக்கவில்லை. ஆக, நேரத்தைக் குறைப்பது யார், தொழிலாளியா, முதலாளியா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நீதிமன்றமே இந்தப் பித்தலாட்டத்தைக் கண்டுகொண்டது. மத்திய நீர் ஆணையத்தில் துப்புரவு, தோட்ட வேலை செய்த நான்கு பேர். அதில் ஜக்கோ என்ற பெண் 1993 முதல் கூட்டியவர். பகுதி நேரம் என்று முத்திரை குத்தி 2018இல் முன்னறிவிப்பே இல்லாமல் வெளியே அனுப்பினார்கள். 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களை நிரந்தரமாக்கச் சொன்னது. பேர் பகுதி நேரமானாலும் வேலை நிரந்தரமானது, அத்தியாவசியமானது என்பதுதான் தீர்ப்பின் சாரம். வாழ்நாள் முழுக்கக் கூட்டிய பிறகு, தில்லி வரைக்கும் போய்க் கிடைத்த நியாயம் இது. குந்தாரப்பள்ளியிலிருந்து தில்லிக்கு எத்தனை பேர் போவது?

அதனால் இங்கேயே தொடங்குவோம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டு போடுங்கள். எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு விட்டார்கள், எந்த நாள் கேட்டில் திருப்பி அனுப்பினார்கள் என்று எழுதுங்கள். அம்மாவுக்கு எழுத வராவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எழுதட்டும். நாள் கூலிக்காரர் வேலை செய்யத் தயாராக இருந்து, முதலாளி பாதியில் அனுப்பிவிட்டாலும் அன்றைய முழுக் கூலியைக் கொடுக்க வேண்டும் என்று 1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 15ஆவது பிரிவு சொன்னது. 2019 கூலித் தொகுப்புச் சட்டத்திலும் அது இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு போய் உட்கார்ந்து கேட்போம். துப்புரவுப் பணியில் பகுதி நேரம் என்ற பதவியே இருக்கக் கூடாது என்று ஊராட்சி மன்றத்திலிருந்து கோட்டை வரை கேட்போம். கர்ணத்துக்குப் போட்ட அவசரச் சட்டத்தை நம் அம்மாக்களுக்கும் போடச் சொல்லுவோம்.

நாம பாதி மனுசங்க இல்லே. நம்ம கூலியும் பாதியா இருக்கக் கூடாது.