30 சதவீதமா, 12 சதவீதமா? கேம் கடைகளின் கமிஷன் போட்டியில் நமக்கு என்ன லாபம்?

கம்ப்யூட்டரில் விளையாட 1,000 ரூபாய்க்கு ஒரு கேம் வாங்குகிறீர்கள். வரியை விட்டுவிட்டுப் பார்த்தால், ஸ்டீமில் வாங்கும்போது கேமை உருவாக்கியவருக்கு 700 ரூபாய் போகும். எபிக் கேம்ஸ் ஸ்டோரில் வாங்கினால் 880 ரூபாய். மீதி, கடையின் கமிஷன். கமிஷனில் இவ்வளவு வித்தியாசம் இருந்தும், இரண்டு கடையிலும் விலை பெரும்பாலும் ஒன்றுதான். ஏன்?

போட்டி எப்படித் தொடங்கியது?

வால்வ் நிறுவனம் 2003-ல் ஸ்டீமைத் தொடங்கியது. டிவிடி அச்சடித்து, பெட்டியில் போட்டு, கடை கடையாக அனுப்பிய காலத்தில் 30 சதவீத கமிஷன் மலிவாகவே தெரிந்தது.

2018 டிசம்பரில் எபிக் நிறுவனம், ஃபோர்ட்நைட் சம்பாதித்துத் தந்த பணபலத்தோடு, ‘எங்களுக்கு 12 சதவீதம் போதும்’ என்று களமிறங்கியது. அதற்குச் சில நாட்கள் முன்புதான் ஸ்டீமும் ஒரு சலுகையை அறிவித்திருந்தது: ஒரு கேமின் வருமானம் 1 கோடி டாலரைத் தாண்டினால் அதற்கு மேல் 25 சதவீதம், 5 கோடியைத் தாண்டினால் 20 சதவீதம். 2021-ல் மைக்ரோசாஃப்டும் பிசி கேம்களுக்கு 12 சதவீதத்துக்கு இறங்கியது. 2025 ஜூன் முதல், ஒரு கேமின் ஆண்டு வருமானத்தில் முதல் 10 லட்சம் டாலருக்கு எபிக் கமிஷனே வாங்குவதில்லை.

அப்படியும் ஏன் யாரும் நகரவில்லை?

பத்து வருஷமா சேர்த்த கேம்கள், நண்பர்கள் பட்டியல், ரிவ்யூ எல்லாமே ஸ்டீமில் இருக்கின்றன. எபிக் வாராவாரம் இலவசமாக கேம் கொடுக்கிறது. பலர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, காசு கொடுத்து வாங்கும்போது பழகின கடைக்கே போகிறார்கள். தனிக்கடை வைத்துப் பார்த்த இஏ நிறுவனம் 2019-லும், விலகிப்போன யுபிசாஃப்ட் 2022-லும் ஸ்டீமுக்கே திரும்பின.

விலை ஏன் குறையவில்லை?

டெவலப்பருக்கு அதே 700 ரூபாய் கிடைக்க, 12 சதவீத கடையில் விலை சுமார் 795 ரூபாய் இருந்தால் போதும். 2019-ல் ‘மெட்ரோ எக்ஸோடஸ்’ எபிக்குக்கு மாறியபோது, அமெரிக்காவில் விலை 60 டாலரிலிருந்து 50 டாலராகக் குறைந்தது. ஆனால் அது அபூர்வம். மற்ற கடைகளில் விலையைக் குறைக்க வால்வ் விடுவதில்லை என்று வோல்ஃபயர் கேம்ஸ் 2021-ல் அமெரிக்காவில் வழக்கு போட்டது. வால்வ் இதை மறுக்கிறது. 2024 நவம்பரில், பல டெவலப்பர்கள் சார்பான கூட்டு வழக்காக இதை நடத்த நீதிமன்றம் அனுமதித்தது.

எது நியாயம்?

ஸ்டீம் சும்மா வாங்கவில்லை. கிளவுட் சேவ், ரீஃபண்ட், மோட் வசதி எனப் பலதும் தருகிறது. வெளியே விற்க டெவலப்பர்களுக்கு இலவச ஆக்டிவேஷன் கீகளும் கொடுக்கிறது. அந்த விற்பனைக்கு கமிஷன் கிடையாது. ஆனால் கோடிகளில் விற்கும் பெரிய நிறுவனத்துக்கு 20 சதவீதம், நாலு பேர் சேர்ந்து செய்த சின்ன கேமுக்கு முழு 30 சதவீதம் என்பது தலைகீழ் கணக்கு. சலுகை கீழிருந்து தொடங்க வேண்டும். எபிக் இப்போது அதைத்தான் செய்கிறது.

கமிஷன் குறைந்த கடையில் விலையையும் குறைக்கும் சுதந்திரம் டெவலப்பருக்கு வேண்டும். அதுவரை இந்தப் போட்டி கடைக்காரர்களுக்குள்தான். நம்ம பர்ஸுக்கு வராது. அடுத்த முறை ‘பை’ பட்டனை அழுத்தும் முன், அதே கேம் இன்னொரு கடையில் இருக்கிறதா என்று ஒரு நிமிடம் தேடிப் பாருங்கள். விலை ஒன்றாகவே இருந்தாலும், அதை உருவாக்கியவருக்கு 180 ரூபாய் கூடுதலாகப் போகலாம்.