குட்டி ஜப்பானும் குட்டி ஜெர்மனியும்

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். ‘கச்சிதமான சொகுசு செடான்’னு ஒரு ரகம் இருக்கு பாருங்க, கார் கம்பெனிக்காரங்க இதுவரைக்கும் கண்டுபிடிச்சதுலயே ரொம்பப் புத்திசாலித்தனமான சரக்கு அதுதான். வண்டியைச் சொல்லல, யோசனையைச் சொல்றேன். பெரிய ஜெர்மன் வண்டி வாங்கக் காசு பத்தாதவன்கிட்ட மூக்குல இருக்கிற அந்த வட்டத்தை மட்டும் தனியா வித்துட்டு, அதுக்குப் பின்னாடி ஒரு நடுத்தர காரை ஒட்டிக் கொடுக்கறது. இப்படிச் சொன்னா சண்டைக்கு வருவீங்கன்னு தெரியும். வாங்க, அதுக்குத்தானே எழுதறேன் :-)

எந்த வண்டிங்களைச் சொல்றேன்னு முதல்ல தெளிவாக்கிடுவோம். 2014-ல ஆடி ஏ3 செடான் வந்துச்சு, ஆரம்ப விலை 23 லட்சத்துக்குள்ள. 2020-ல பி.எஸ்.6 வந்ததோட இங்க அதோட கதை முடிஞ்சுது. அதே வருஷம் அக்டோபர்ல பி.எம்.டபிள்யூ 2 சீரிஸ் கிரான் கூப்பே, 2021 மார்ச்ல மெர்சிடிஸ் ஏ கிளாஸ் லிமோசின். 4.5 மீட்டர் நீள வண்டிக்கு லிமோசின்னு பேரு. பேர் வைக்கிறதுக்குக் காசா பணமா. அப்புறம் 2025 ஜூலையில 2 சீரிஸோட அடுத்த தலைமுறை வந்துச்சு. இறங்கினப்போ ஷோரூம் விலை 46.9 லட்சம்.

இந்தக் கடைசி வண்டி மேலதான் எங்க பெரியப்பா மகனுக்கு ஆசை வந்துடுச்சு. அண்ணன் சிவகாசியில சின்னதா ஒரு ஆஃப்செட் பிரஸ் வச்சிருக்காரு. தினசரி காலண்டர் அட்டை, பட்டாசுப் பெட்டி லேபிள், நோட்டு அட்டை இதான் தொழில். "தம்பி, நீ இன்ஜினியர்ல, வண்டி எப்படின்னு பார்த்துச் சொல்லு"ன்னாரு. நான் படிச்சது எலெக்ட்ரானிக்ஸ், சென்னையில உக்காந்து பொட்டி தட்டறேன். ஆனா எங்க விருதுநகர் பக்கம் இன்ஜினியர்னா மிக்ஸி ரிப்பேர்ல இருந்து ரயில்வே மேம்பாலம் வரைக்கும் எல்லாம் தெரிஞ்சிருக்கணும். சரின்னு உக்காந்து பார்த்தேன். பார்க்கப் பார்க்கத்தான் கோவம் வந்துச்சு.

கோவத்துக்கு முன்னாடி நியாயத்தைச் சொல்லிடணும். இந்த வண்டிங்க ஓட்டறதுக்கு அருமையா இருக்கும். அண்ணனோட சிநேகிதர் ஒருத்தர் முந்தைய தலைமுறை 2 சீரிஸ் டீசல் வச்சிருக்காரு. 190 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் இழுவை, 8 கியர் ஆட்டோமேட்டிக். சாத்தூர்ல இருந்து கோவில்பட்டி வரைக்கும் நாலு வழிச்சாலையில ஓட்டிப் பார்த்தேன். 100-ல போறப்ப நம்ம ஊர் வண்டிங்க லேசா மிதக்கற மாதிரி இருக்கும்ல, அது சுத்தமா இல்ல. ரோட்டை ஃபெவிகால் போட்டு ஒட்டின மாதிரி போகுது. நடுவுல ஒரு பெரியவர், டி.வி.எஸ் எக்ஸெல்ல ரெண்டு பக்கமும் மூட்டையைக் கட்டிக்கிட்டு, மீடியன் இடைவெளியில இருந்து அவர் பாட்டுக்கு வந்துட்டாரு. பிரேக்கை அமுக்கினேன். வண்டி கோணாம, மூக்கைக் குத்தாம, நேரா நின்னுச்சு. பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கல. அந்த ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு வேணாலும் கொடுக்கலாம்னு தோணுச்சு, பொய் சொல்ல மாட்டேன். சீட்டும் அப்படித்தான். டிரைவருக்கு முதுகெலும்பு இருக்குன்னு நினைச்சுச் செஞ்சிருக்கான்.

டிரைவருக்கு. அங்கதான் இருக்கு விஷயம். இது ஓட்டறவனுக்காகச் செஞ்ச வண்டி. ஐரோப்பாவுல ஒருத்தனோ ரெண்டு பேரோ ஏறிப் போறதுக்கு, குறுகலான தெருவுல நிறுத்தறதுக்கு. எங்க ஊர்ல கார் வாங்கறது குடும்பம். அண்ணன், மதினி, ரெண்டு பசங்க, மூட்டுவலியோட பெரியம்மா. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போனா பானை, அரிசி, விறகைத் தவிர மத்த எல்லாம் டிக்கியில ஏறும்.

இப்ப அளவைப் பாருங்க. 2 சீரிஸ் கிரான் கூப்பேல முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில 2670 மில்லிமீட்டர். 2023-ல வந்த ஹூண்டாய் வெர்னாவுல எவ்வளவு தெரியுமா? அதே 2670. டிக்கி அங்க 430 லிட்டர், வெர்னாவுல 528, ஹோண்டா சிட்டியில 506. மூணு மடங்கு விலை கொடுத்து நூறு லிட்டர் டிக்கியை இழக்கறோம்! கூரை வேற பின்பக்கம் அழகாச் சரிஞ்சு இறங்குது. போட்டோவுக்கு நல்லா இருக்கும். பெரியம்மா குனிஞ்சு, தலையைச் சாய்ச்சு, முட்டியை மடக்கி ஏறணும். இறங்கறப்ப ஒருத்தர் கை கொடுத்துத் தூக்கணும். அதுக்கு மேல ஒரு பெரிய கண்ணாடிக் கூரை. மே மாசம் விருதுநகர்ல கண்ணாடிக் கூரை! தீப்பெட்டி காயவைக்கவா?

பின்சீட் இடம் முக்கியம்னு கம்பெனிக்காரனுக்குத் தெரியாதான்னா, நல்லாவே தெரியும். 2018-ல மெர்சிடிஸ்காரன் ஏ கிளாஸ் செடானைச் சீனாவுக்குக் கொண்டுபோனப்போ, அந்த ஊர்ல குடும்பமாப் போவாங்கன்னு சக்கர இடைவெளியை 60 மில்லிமீட்டர் நீட்டி 2789 ஆக்கிக் கொடுத்தான். நமக்கு வந்தது 2729. சீனாக்காரன் முட்டிக்கு இருக்கிற மரியாதை எங்க பெரியம்மா முட்டிக்கு இல்ல. பின்ன, அங்க விக்கிற எண்ணிக்கை அப்படி.

"இன்ஜின் ஜெர்மன்காரன்ல"ம்பாங்க. புது 2 சீரிஸ் 218-ல இருக்கறது 1.5 லிட்டர், மூணு சிலிண்டர் பெட்ரோல், 156 குதிரை. வெர்னா டர்போவும் 1.5 லிட்டர்தான், ஆனா நாலு சிலிண்டர், 160 குதிரை. ஏ 200-ல இருக்கற 1.3 லிட்டர் இன்ஜின், மெர்சிடிஸும் ரெனோவும் சேர்ந்து செஞ்சது. அதே குடும்பத்து இன்ஜினைத்தான் 2020-ல ரெனோ டஸ்ட்டர்லயும் போட்டாங்க. அது மட்டமான இன்ஜின் இல்ல, நல்ல இன்ஜின்தான். ஆனா டஸ்ட்டர் வாங்கினவர் "எங்கிட்ட பென்ஸ் இன்ஜின் இருக்கு"ன்னு தெருவுல யாரும் சொல்லிப் பார்த்ததில்ல. இன்னொரு சேதி, 2 சீரிஸ், ஏ கிளாஸ் ரெண்டுமே முன்சக்கரத்துல ஓடறது. பி.எம்.டபிள்யூன்னா பின்சக்கரம் தள்ளும்னு படிச்சு வளர்ந்தவங்க 3 சீரிஸுக்குத்தான் போகணும்.

பாதுகாப்பு? இங்க கொஞ்சம் நிதானமாப் பேசணும். ஏ கிளாஸுக்கு 2018-ல யூரோ என்கேப் அஞ்சு நட்சத்திரம் கொடுத்துச்சு, பெரியவங்க பாதுகாப்புல 96 சதவீதம். வெர்னாவும் ஸ்லாவியாவும் 2023-ல குளோபல் என்கேப்ல அஞ்சு நட்சத்திரம் வாங்கிச்சு. ரெண்டும் ஒரே பரீட்சை இல்ல, ஐரோப்பா பரீட்சை கஷ்டமானது. அதனால ‘ரெண்டும் ஒண்ணுதான்’னு நான் சொல்ல மாட்டேன். ஜெர்மன் வண்டிக்கு இங்க ஒரு படி கூடுதலாவே போடலாம். ஆனா பத்து வருஷத்துக்கு முன்னாடி இருந்த அந்த மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இப்ப இல்ல.

சரி, காசுக்கு வருவோம். 2023 நவம்பர்ல நம்ம தமிழ்நாட்டுல சாலை வரியை ஏத்தினாங்க. 20 லட்சத்துக்கு மேல இருக்கற காருக்கு 20 சதவீதம். 46.9 லட்சத்துக்குக் கணக்குப் போட்டா 9.38 லட்சம். இன்சூரன்ஸ் இல்லாமலே 56 லட்சத்தைத் தாண்டியாச்சு. வெர்னா உச்ச மாடல் அறிமுகமானப்போ அதோட ஷோரூம் விலையே 17.38 லட்சம்தான். அதாவது பாதி வெர்னாவுக்கு மேல ஆர்.டி.ஓ ஆபீஸ்லயே கொடுத்துட்டு வெறுங்கையோட வீட்டுக்கு வர்றோம்.

"கம்பெனி பேர்ல எடுத்தா டேக்ஸ்ல கழிச்சுக்கலாம் தம்பி, ஆடிட்டர் சொல்றாரு"ன்னாரு அண்ணன். ஊர்ல இதைச் சொல்லாத ஆளே இல்ல. கழிச்சுக்கலாம், உண்மைதான். எவ்வளவு? காருக்குத் தேய்மானம் வருஷம் 15 சதவீதம். 56 லட்சத்துல முதல் வருஷம் 8.4 லட்சம் செலவாக் காட்டலாம். 30 சதவீத வரி கட்டறவருக்கு மிச்சம் இரண்டரை லட்சம். சந்தையில வண்டி அதே வருஷத்துல இதைவிடப் பல மடங்கு இறங்கிடும். ஜி.எஸ்.டி-யில உள்ளீட்டு வரியை எடுத்துக்கலாமான்னா, சொந்த உபயோகத்துக்கு வாங்கற காருக்குக் கிடையாது, சட்டத்துலயே தடுத்திருக்காங்க. அதே கடன்ல ஒரு மெஷின் வாங்கினா அதுக்கும் 15 சதவீதத் தேய்மானம் உண்டு, ஜி.எஸ்.டி-யும் முழுசா எடுத்துக்கலாம், போதாததுக்கு அது மறுநாளே அச்சடிச்சுக் காசு கொடுக்கும். ஜெர்மன் சரக்குதான் வேணும்னா ஹைடல்பெர்க் வாங்குங்கண்ணேன்னு சொன்னேன். அண்ணன் சிரிக்கல.

இதுல எனக்கு உண்மையிலேயே பயம் கொடுக்கறது இ.எம்.ஐ. 40 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 7 வருஷம்னா மாசம் 64 ஆயிரம் சொச்சம். மொத்தம் 54 லட்சம் கட்டி முடிக்கணும். என்னை மாதிரி மாசச் சம்பளக்காரனுக்கு ஒண்ணாந்தேதி காசு வரும், அஞ்சாந்தேதி போகும். சிவகாசியில அப்படியா? ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் போட்டு ஆர்டர் பிடிக்கணும், மார்கழி வரைக்கும் மெஷின் ராத்திரி பகலா ஓடும், தை பிறந்தா மூச்சு வாங்கும். பட்டாசு லேபிளுக்குத் தீபாவளி முடிஞ்சுதான் பாதிக் காசு வரும். அதுவும் நம்ம கையில இல்ல. 2018 அக்டோபர் 23-ல உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு மட்டும்தான், பேரியம் கூடாதுன்னு சொன்னதுக்கு அப்புறம் ஆலைகள் மாசக்கணக்குல பூட்டிக் கிடந்துச்சு. ஆலை பூட்டினா லேபிள் எதுக்கு? அந்தச் சமயத்துல அண்ணன் ஆளுங்களுக்குச் சம்பளம் கொடுக்க மதினியோட வளையலைக் கொண்டுபோய் வச்சாரு. வருஷத்துல அஞ்சு மாசம் வருமானம் வர்ற தொழிலையும், பன்னெண்டு மாசமும் கதவைத் தட்டற தவணையையும் ஒண்ணாக் கட்டினா என்ன ஆகும்னு அவருக்கு நான் சொல்லணுமா?

இங்க ஒரு இடைச்செருகல். ஆபீஸ்ல இதைச் சொன்னப்போ ஒருத்தன், "சிவகாசிக்கு எதுக்குடா பி.எம்.டபிள்யூ?"ன்னு சிரிச்சான். அவனுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. ஏன், சிவகாசிக்காரன் வாங்கக் கூடாதா? அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு, அடுத்த வருஷம் திரும்பி வந்து ஆரம்பிச்ச ஊரு அது. நேருவே குட்டி ஜப்பான்னு சொன்னதாச் சொல்லுவாங்க. நகக்கண்ணுல மை போகாத ஒரு மனுஷன் நல்ல வண்டிக்கு ஆசைப்பட்டா அதுல கேலி பண்ண ஒண்ணும் இல்ல. ஓ.எம்.ஆர் டிராஃபிக்ல முதல் கியர்ல உருட்டறவனைவிட, சாத்தூர் பைபாஸ்ல ஓட்டறவனுக்குத்தான் அந்த வண்டி அதிகம் பொருந்தும். என் சண்டை வாங்கறவரோட இல்ல. அவர்கிட்ட இதைக் ‘குடும்பத்துக்கு ஏத்த சொகுசு வண்டி’ன்னு விக்கறவங்களோட.

செகண்ட் ஹேண்ட்ல எடுக்கலாமேன்னு கேப்பீங்க. பழைய டீசல் ஒண்ணு, அதுவும் தனியா ஓட்டற ஆளா இருந்தா, நான் பாதி சம்மதம். ஆனா வாரண்டி முடிஞ்ச வண்டியில கியர்பாக்ஸோ சஸ்பென்ஷனோ மக்கர் பண்ணினா, சிவகாசியில கம்பெனி சர்வீஸ் சென்டர் கிடையாது. மதுரைக்கு 70 கிலோமீட்டர் கட்டி இழுக்கணும். டயரும் அப்படித்தான். மெல்லிசுப் பக்கச்சுவர் டயர், பல வண்டியில ஸ்டெப்னியே இருக்காது, இருந்தாலும் ஒல்லிக்குச்சி. வெம்பக்கோட்டை ரோட்டுல ராத்திரி பத்து மணிக்குக் குழியில விட்டு டயர் வெடிச்சா யாரைக் கூப்பிடறது?

மொத்தத்துல, தினமும் தானே ஓட்டி, பெரும்பாலும் தனியாப் போய், முழுக்காசு கொடுத்து வாங்கற ஆளுக்கு இது அருமையான வண்டி. எங்க அண்ணன் இந்த மூணுல ஒண்ணுலயும் சேர மாட்டாரு. லோடு வண்டியிலயும் டி.வி.எஸ்லயும் ஊரைச் சுத்தற மனுஷன், கார் எடுக்கறதே கல்யாண வீட்டுக்கும் கோயிலுக்கும்தான்.

அவர் இன்னும் முடிவு பண்ணல. நான் கேட்டுக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. மதுரை ஷோரூம்காரங்க ரிங் ரோட்டுல பத்து நிமிஷம் ஓட்டக் கொடுக்கறதை நம்பாதீங்க. வண்டியைச் சாத்தூர் வழியா இருக்கன்குடி வரைக்கும் கேளுங்க. நீங்க ஓட்டாதீங்க, பின்சீட்ல நடுவுல உக்காருங்க. ஒரு பக்கம் பெரியம்மா, ஒரு பக்கம் பெரிய பையன். ஊருக்குள்ள வர்ற ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் அடியில சத்தம் வருதான்னு கேளுங்க. கோயில் வாசல்ல பெரியம்மா எப்படி இறங்கறாங்கன்னு பாருங்க.